புதுப்பிப்பு: உயிருள்ள செல்லுக்குள் ஒற்றைப் புரதத்தைக் காண்பது பற்றி

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டரை விட நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது என்பதால், உயிருள்ள செல்லில் ஒற்றைப் புரதத்தைக் காணவே இயலாது என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அது தவறு. பிரித்தறிவது வேறு, இருப்பிடம் அறிவது வேறு.

இரவில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், வாளையாற்று மலைச்சரிவில் எரியும் ஒற்றை விளக்கின் வடிவம் தெரியாது. அது இருக்கும் இடம் தெரியும். அவ்வாறே, ஒளிர்சாயம் ஏற்றிய ஒரு புரதம், அருகில் வேறொன்று ஒளிராதபோது, மங்கிய வட்டமாகத் தெரிகிறது. போதிய ஃபோட்டான்கள் கிடைத்தால், அவ்வட்டத்தின் மையத்தைச் சில பத்து நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டு, புரதம் நகரும் பாதையையே வரையலாம். கண்ணாடித் தகட்டை ஒட்டிய 100 முதல் 200 நானோமீட்டர் அடுக்கில் மட்டும் ஒளி படச்செய்யும் முழு அக எதிரொளிப்பு முறை, பின்னணி வெளிச்சத்தை வெகுவாகக் குறைக்கிறது. செல்லின் ஆழத்தில் நடப்பதற்கு இம்முறை உதவாது.

தெரிவது ஒரே மூலக்கூறுதான் என்பதற்கு என்ன உறுதி என்று சித்தூர் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். தொடர்ந்து ஒளி படும்போது சாயம் ஒளிரும் திறனை இழக்கும். அப்போது பல மூலக்கூறுகள் கூடிய புள்ளி படிப்படியாக மங்கும்; ஒற்றை மூலக்கூறு ஒரே கணத்தில் முற்றிலும் அணையும்.