பாலே: பாயிண்டில் ஏறினால் இடது பாதம் மட்டும் உள்பக்கம் மடங்குகிறது, உதவி தேவை

அரைத்தூக்கம்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். பாரை (பயிற்சிக் கம்பி) பிடித்துக்கொண்டு பாயிண்டில், அதாவது விரல் நுனியில், ஏறினால் இடது பாதம் மட்டும் சிக்கிள் ஆகிறது, உள்பக்கம் மடங்குகிறது. வலது பரவாயில்லை. டர்ன்அவுட்டும் (காலை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்புவது) தகராறு. தரையில் ஐந்தாம் நிலை (வெளியே திருப்பிய பாதங்களை ஒன்றன்முன் ஒன்றாக ஒட்டி வைப்பது) நன்றாக வருகிறது, ஏறியதும் முட்டி முன்பக்கம் திரும்பிவிடுகிறது. தினமும் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்து தொடையை நீட்டுகிறேன், பலன் இல்லை. வேறு என்ன பயிற்சி? இரண்டு வாரத்தில் வகுப்பில் மதிப்பீடு.

சாட்டின்:
பாயிண்ட் தொடங்கி எத்தனை நாள்? வலி உண்டா, இருந்தால் எங்கே? ஷூவை அளந்து போட்டுப் பார்த்து வாங்கினீர்களா? இது தெரியாமல் பயிற்சி சொல்ல முடியாது.

கண்ணாடிமுன்:
இது பெரோனியல் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் தசை அது. பலவீனமானால் எடை சுண்டுவிரல் பக்கம் சரியும். தெராபேண்டை (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) பாதத்தின் வெளி ஓரத்தில் மாட்டி, பாதத்தை நீட்டி வைத்தபடியே வெளியே தள்ளுங்கள். மெதுவாகத் திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம். எனக்கு இதில்தான் சரியானது.

பழையமரத்தரை:
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தட்டைச் செருப்பில் ஒற்றைக்காலில் இருபது ரெலவே (குதிகாலைத் தூக்கி ஏறுவது) ஆடாமல் எடுக்க முடியாதவர் பாயிண்ட் ஷூவைத் தொடவே கூடாது. எடுத்துப் பார்த்தீர்களாம்மா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

முட்டிமுக்கியம்:
கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோமே. நான் பிசியோதெரபிஸ்ட், ஆனால் ஆளைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நிலைக்கு எப்படிப் போகிறீர்கள்? பிளியேயில் முட்டியை மடக்கி இறங்கி, பாதங்களை வெளியே திருப்பித் தரையில் பதித்துவிட்டு, பிறகு முட்டியை நீட்டுகிறீர்களா? மடங்கிய முட்டி சற்றுச் சுழலும், நீட்டிய முட்டி அப்படிச் சுழலாது. அதனால் இடுப்பில் இல்லாத டர்ன்அவுட்டை முட்டியும் கணுக்காலும் கடன் கொடுக்கின்றன. தரை பிடித்து வைத்திருக்கும்வரை அழகாகத் தெரியும். ஏறியதும் தரையின் பிடி போய்விடும், கால் தன் உண்மையான கோணத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான்.

குப்புறப் படுத்து, முட்டியை 90 டிகிரி மடக்கி, இடுப்பு தரையிலிருந்து எழாமல் கணுக்காலை மறுகாலின் பக்கம் சாயவிடுங்கள். எவ்வளவு சாய்கிறதோ அதுதான் இடுப்பு தரும் வெளிச்சுழற்சி. இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். தொடை எலும்பின் அமைப்பே அளவைக் குறைத்திருந்தால் எந்த நீட்டலாலும் மாற்ற முடியாது. பட்டாம்பூச்சி நீட்டுவது வளைவுத்தன்மைக்கு. அந்தக் கோணத்தை எழுந்து நிற்கும்போது தாங்குவது பிட்டத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் ஆறு சிறு தசைகள். அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, குதிகால்கள் சேர்ந்தே இருக்க, மேல் முட்டியை மட்டும் திறந்து மூடுங்கள். இடுப்பு பின்னால் உருண்டால் அந்த முறை கணக்கில் சேராது.

அரைத்தூக்கம்:
ஆமாம், பிளியேயில் போய்த்தான் திருப்புகிறேன். எல்லாரும் அப்படித்தானே? வயது 24, பாயிண்ட் நாலு மாதம். வலி பெரிதாக இல்லை, இடது பெருவிரல் நகம் மட்டும் கறுத்திருக்கிறது. ஷூ தோழியுடையது, அவளுக்குச் சின்னதாகிவிட்டது என்று கொடுத்தாள்.

சாட்டின்:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அடுத்தவர் பாதத்துக்கு வளைந்து பழகிய ஷாங்க் (ஷூவின் அடியில் இருக்கும் விறைப்பான பட்டை) அது. நகம் கறுத்திருக்கிறதென்றால் பாக்ஸ் (விரல்களை மூடும் கெட்டி முனை) அகலமாக இருந்து, பாதம் உள்ளே இறங்கி, எடை முழுவதும் பெருவிரலில் விழுகிறது என்றுதான் நினைக்கிறேன். ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது அடித்தோல் குதிகாலின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறதா? முறுக்கினால் ஷூவே பாதத்தைத் தள்ளுகிறது, தெராபேண்டைக் கட்டி அழுது பயனில்லை.

இடது வலது இரண்டும் ஒரே அளவா என்றும் பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் சற்றுச் சிறியது. பெரியதற்கு அளந்து, சிறியதில் பஞ்சு வைப்பார்கள்.

கண்ணாடிமுன்:
பெரோனியல் பலமாக இருந்தால் எந்த ஷூவிலும் நிற்கலாம்.

மெழுகுநூல்:
பேசாமல் கேனர் மிண்டன் கம்பெனி ஷூ வாங்குங்கள். பிளாஸ்டிக் ஷாங்க், வளைந்து குழையாது, சீக்கிரம் சாகாது.

பழையமரத்தரை:
வந்துவிட்டது பிளாஸ்டிக் படை. பசையால் கெட்டியாக்கிய பழைய பாணி ஷூவில் பாதம் உழைக்க வேண்டும், உங்களுடையதில் ஷூ உழைக்கிறது. 1832-ல் பாலே நடனக்கலைஞர் மரீ தாக்லியோனி பாயிண்டில் ஏறி ஆடியபோது பாக்ஸும் கிடையாது, ஷாங்கும் கிடையாது. நுனியில் தையல் போட்ட சாட்டின் செருப்பு, அவ்வளவுதான்.

மெழுகுநூல்:
அந்தச் செருப்பில் அவர் கணநேரம் ஏறி இறங்கினார் ஐயா, இன்றைய மாதிரி தொடர்ந்து சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அப்படியானால் நீங்களும் தையல் போட்டே ஆடுங்களேன்.

பழையமரத்தரை:
நான் ஆடிய காலத்தில் பாக்ஸைக் கதவிடுக்கில் வைத்து நாமே நசுக்கி மென்மையாக்குவோம். அந்தப் பொறுமை இப்போது யாருக்கு இருக்கிறது?

சாட்டின்:
கதவிடுக்கு வீரக்கதையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. கேள்வி கேட்டவரின் நகம் கறுத்திருக்கிறது.

முட்டிமுக்கியம்:
நகம் ஆறும்வரை பாயிண்ட் வேண்டாம். சிக்கிள் ஆன நிலையில் சறுக்கினால் முதலில் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார். அப்புறம் பிளியேயில் முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக வருகிற அளவுக்கு மட்டும் திரும்பி நில்லுங்கள். கோணம் குறைந்தது போலத் தெரியும். தெரியட்டும். ஆசிரியையிடம் ஷூ விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அரைத்தூக்கம்:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆசிரியை பார்த்ததும் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார். அடித்தோல் முறுக்கித்தான் இருந்தது. புதிதாக அளந்ததில் அகலம் இரண்டு படி குறைவு. மதிப்பீட்டுக்குத் தட்டைச் செருப்புதான். ஒற்றைக்கால் ரெலவே இடதில் பதினொன்று வந்தது. எல்லாருக்கும் நன்றி.

முட்டிமுக்கியம்:
நல்லது. குப்புறப் படுத்துப் பார்த்தீர்களா? இடதும் வலதும் ஒரே அளவா?

கண்ணாடிமுன்:
பதினொன்றா? அது பெரோனியல்தான்.