பக்கத்துக் கட்டில்காரன் லேப்டாப்பில் அந்த முகம்

மொட்டைமாடி77:
2017 கடைசி. பெங்களூர் மடிவாளாவில் ஒரு பிஜி. வைஃபை வழக்கம்போல் செத்துக் கிடந்ததால் ரூம்மேட் லேப்டாப்பிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கியிருந்தேன். அவனுக்கு நெட்வொர்க் டெஸ்டிங் வேலை, நெட்வொர்க்கில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் படுத்தபடி டேட்டிங் ஆப்பைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிச் சிரிக்கும் ஒரு பெண். சட்டென்று அவன், "டேய், யாருடா இந்த நாய்க்குட்டி?" என்றான். திரும்பினால் அவன் திரையில் அதே படம், என் போனில் இருந்ததைவிடப் பெரிதாக. அவன் எந்த பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. படம் வெறும் எச்டிடிபியில், அதாவது பூட்டில்லாமல் வந்தது, எடுத்துப் பார்த்தான், அவ்வளவுதான். என் மானம் போனால் போகட்டும். அந்தப் பெண்ணுக்கு இது இன்றுவரை தெரியாது.

பாக்கெட்_பொறுக்கி:
அவர் ஹாட்ஸ்பாட், அவர் பார்க்கிறார். இதில் என்ன அதிசயம்? உங்கள் ஆப் எது என்று கேட்கவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் டிண்டர் டேட்டிங் ஆப்பைப் பற்றி வெளியிட்டதைப் படியுங்கள். படங்கள் எச்டிடிபியில் போனது பாதிக் கதைதான். ஸ்வைப் எல்லாம் என்க்ரிப்ட் ஆகி, பூட்டுப் போட்டுத்தான் போனது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு. லெஃப்ட், அதாவது வேண்டாம் என்றால் 278 பைட், ரைட், அதாவது பிடித்திருக்கிறது என்றால் 374, இருவருக்கும் பிடித்து மேட்ச் ஆனால் 581. கடிதத்தைப் பிரிக்காமல் கையில் எடை போட்டுப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்வது போல. படங்களை பிப்ரவரியில் சரிசெய்தார்கள். அமெரிக்க செனட்டர் ரான் வைடன் கடிதம் எழுதிய பிறகு, ஜூனில்தான் ஸ்வைப் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினார்கள். இப்போது என்க்ரிப்ட் ஆகிற எச்டிடிபிஎஸ் வந்துவிட்டது, பயமில்லை.

ஓரத்துமேசை:
பயமில்லையா? 2018 மார்ச். ஒருபால் உறவு குற்றமல்ல என்ற 377 தீர்ப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பு. மதிய இடைவேளையில் ஆபீஸ் வைஃபையில் ஒரு ஆப்பைத் திறந்தேன், எந்த மாதிரி ஆப் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் லிஃப்டில் நெட்வொர்க் பார்க்கும் அண்ணன் மட்டும் இருந்தார். கதவு மூடியதும், "தம்பி, அந்த ஆப் இங்க வேணாம்ப்பா. பேரு லாக்ல வருது" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். என்ன பேசினேன் என்பதை என்க்ரிப்ஷன் மறைக்கும், எந்த சர்வரைத் தேடிப் போனேன் என்பது, பெயரை வைத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ்ஸிலேயே தெரிந்துவிடும். அந்த லாகை அவர் ஒருவர்தான் பார்த்தாரா என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்தல்.

பாக்கெட்_பொறுக்கி:
ஆபீஸ் வைஃபையில் திறந்தது உங்கள் தப்பு. எல்லோருக்கும் சொல்கிறேன்: மொபைல் டேட்டாவில் மட்டும் பாருங்கள். டிஎன்எஸ்ஸையும் என்க்ரிப்ட் பண்ணுங்கள், ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அதோடு தீராது, எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பூட்டுப் போடும் டிஎல்எஸ் தொடக்கத்திலும் சர்வர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும். அதற்கு விபிஎன், எல்லாவற்றையும் மூடி வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது. இலவச விபிஎன் வேண்டாம், வைஃபைக்காரர் பார்த்ததை விபிஎன் நடத்துகிறவன் பார்ப்பான். லொகேஷன் அனுமதியையும்

கோலப்பொடி:
சார், கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் வழி கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னார். லிஃப்டில் நின்றவர் தப்பு என்ன செய்தார்?
மொட்டைமாடி, உங்களிடம் ஒன்று. நானும் அந்த வருஷம் பெங்களூரில் இப்படி ஒரு ஆப்பில் இருந்தேன், படம் போட்டிருந்தேன். என்னிடம் நாய்க்குட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை?

மொட்டைமாடி77:
சொல்ல வேண்டுமென்றால் மேட்ச் ஆகியிருக்க வேண்டும். நான் லெஃப்டில் தள்ளிவிட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால்.