பல்லாரி லோடு எடுக்கப் போன இடத்தில் சரத் ஜோஷியின் பேச்சைக் கேட்டேன்

1984 முதல் ஆறு வருடம் கொத்தவால் சாவடியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். சீசன் வந்தால் நாசிக் பக்கம் லாசல்காவில் போய்த் தங்கி, ஏலத்தில் சரக்கு எடுத்து லாரி ஏற்றிவிட வேண்டும். நாசிக்கில் விளைந்தாலும் சென்னைக்கு வந்தால் அது பல்லாரிதான். அங்கே அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு நாள் ஏலம் நடக்கவில்லை. பக்கத்து ஊரில் விவசாயத் தலைவர் சரத் ஜோஷி பேசுகிறார், எல்லாரும் அங்கே போய்விட்டார்கள் என்றார் மூட்டை தூக்குபவர். வேறு வேலை இல்லை, நானும் போனேன். வேட்டியும் ஆவேசமுமாக ஒரு தலைவரை எதிர்பார்த்தேன். மேடையில் இருந்தவர் ஜீன்ஸ் போட்டு, சட்டையில் சிவப்பு வில்லை குத்தியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை.

என் மராத்தி அப்போது ஏலத்துக்குக் காணும், அவ்வளவுதான். ஆனாலும் புரிந்தது, பேசியது முழுக்கக் கணக்கு. நாற்று, எரு, தண்ணீர், பறிப்புக் கூலி, சாக்கு, டிராக்டர் வாடகை, மண்டியில் ஹமாலி, தோலாய் (நம்ம ஊர் இறக்குகூலி, எடைகூலி). எல்லாவற்றையும் கூட்டி விற்ற விலையில் கழிக்கப் போனார். அவருக்கு முன்னால் கூட்டத்தில் ஒரு பெரியவர் மீதியைச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி இரண்டும் நான் நாள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டில் பிடிக்க வைத்த தொகை.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வியாபாரியைத் திட்டவில்லை, அரசாங்கத்தைக் கேட்டார். அப்போது வெங்காய ஏற்றுமதி நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பு வழியாகத்தான் நடக்கும். விலை ஏறினால் கதவைச் சாத்துகிறீர்கள், விழும்போது ஏன் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் அவர் கேள்வி. பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை கொடு என்பது அவர்கள் கோஷம். மானியத்தைக் கூட்டிக் கொடு என்று கேட்காமல், வழியை விட்டு நகரு என்று கேட்ட விவசாயத் தலைவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். தபால் துறை அதிகாரியாக இருந்து, சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து சர்வதேச அஞ்சல் அமைப்பில் வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு 1977இல் ஊர் திரும்பி, புணே அருகே அம்பேட்டாணில் நிலம் வாங்கித் தானே பயிர் வைத்தார். நஷ்டத்தைச் சொந்தக் காசில் படித்தவர். 1979இல் ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார், அடுத்த வருடமே நாசிக்கில் சாலை மறியல்.

2019, 2020, 2023 என்று வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்த ஒவ்வொரு முறையும் டிவியில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இல்லத்தரசியின் கண்ணீர், பதுக்கல், ஓட்டு. நான் பார்த்தவரை அந்தப் பெரியவரின் மீதித் தொகையை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் 2015 டிசம்பரில் போய்விட்டார். இருந்தபோதும் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

———

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் பார்த்தது ஜோஷியை அல்ல, அவர் வேலையை. 1991இல் மகாராஷ்டிராவின் விதர்பாவில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக இருந்தேன். ஒரு அம்மா பயிர்க்கடன் கேட்டு சாத்பாராவை நீட்டினார். நம்ம ஊர் சிட்டா, அடங்கல் மாதிரி. பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர். விதவையா என்று கேட்டுவிட்டேன். புருஷன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்! "லக்ஷ்மி முக்தி" என்றார் அந்த அம்மா, எனக்குத் தெரியாததுதான் தப்பு என்பதுபோல. மனைவி பெயருக்கு நிலத்தை எழுதி வையுங்கள் என்று ஜோஷி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நாடு முழுக்க டிவியில் அவரைப் பார்த்தது எப்போது தெரியுமா? 2010 மார்ச்சில் மகளிர் இட ஒதுக்கீடு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியபோது. ஆதரவு 186, எதிர்ப்பு 1. அந்த ஒன்று இவர். அவர் மறுத்தது பெண்களுக்கு ஒதுக்கும் தொகுதியைத் தேர்தலுக்குத் தேர்தல் சுழற்றும் முறையை. அதை விளக்க யார் மைக் கொடுத்தார்கள்? பெண்களுக்கு எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அந்த சாத்பாராதான் கண்ணில் வந்தது.

———

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவன். எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூட்டங்களுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனவன். எங்களுக்கு மின்கட்டணமும் கடனும்தான் போராட்டம்; அதை ஜோஷி மாதிரி சந்தைக் கணக்கால் மட்டும் பார்க்க முடியாது. 2010இல் உச்சத்துக்குப் போன மஞ்சள் 2012இல் அடிமாட்டு விலைக்கு வந்தது. எந்த அரசாங்கமும் கதவைச் சாத்தவில்லை, தானாகவே விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மஞ்சள் போட்டோம், அவ்வளவுதான். டங்கல் வரைவை (உலக வர்த்தகத்துக்கான காட் ஒப்பந்த வரைவு) மற்ற பல விவசாயத் தலைவர்கள் எதிர்த்தபோது ஜோஷி ஆதரித்தாரே, அந்தத் துணிச்சலுக்குக் கும்பிடு. ஆனால் என் மஞ்சளுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார்?

———

தம்பி, மஞ்சளுக்கு என்னிடம் பதில் இல்லை. நேரில் கேட்டிருந்தால் அவரும் பேப்பரும் பேனாவும்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மறுநாள் ஏலம் நடந்தது. முந்தின நாள் மீதித் தொகையைச் சொன்ன அதே பெரியவர் டிராக்டரில் சரக்கோடு நின்றார். நான்தான் எடுத்தேன். தோலாய் பிடிக்கும் இடம் வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். பிடித்துக்கொண்டுதான் சீட்டைக் கொடுத்தேன்.