உடனுக்குடன் செய்தி போற பிரபஞ்சத்தில் பௌதிகவியல் என்ன ஆகும்?

கொட்டகலை_வகுப்பு:
உயர்தரப் பிள்ளைகளோட ஒரு மணித்தியாலம் பேச ஒரு தலைப்பு எடுத்திருக்கேன்: எவ்வளவு தூரமா இருந்தாலும் துளி நேரமும் எடுக்காம செய்தி போற ஒரு பிரபஞ்சம். பிள்ளைகள் உடனே சொல்றது, "செவ்வாயோட தாமதமில்லாம போன் பேசலாம், வேற என்ன சேர்?" அதுக்கு மேல நிறைய இடியும் என்பதைக் கரும்பலகையில் எப்படிக் காட்டலாம்? கணக்கு உயர்தர அளவைத் தாண்டாம இருந்தா நல்லது.

ஊவா_வரைபுத்தாள்:
சேர், முதல்ல பிள்ளைகளைக் கேளுங்க: யாருடைய மணிக்கூட்டின்படி உடனடி? மீதியை வரைபுத்தாளே சொல்லிடும்.

கிடையா தூரம், நிலைக்குத்தா நேரம். கிடையில் ஒரு கட்டம் ஒரு ஒளிநிமிடம் (சுமார் 1 கோடி 80 லட்சம் கிலோமீற்றர்), நிலைக்குத்தில் ஒரு கட்டம் ஒரு நிமிடம். அப்ப ஒளி 45 பாகையில் போகும். ஹட்டன் நேர அச்சிலேயே இருக்கு. ஒரு விண்கலம் ஒளியின் கதியில் 0.6 பங்கு கதியோட விலகிப் போகுது. ஹட்டனில் நேரம் 0 ஆகும்போது அது 10ஆவது கட்டத்தில். அதன் பாதை: மேலே 10 கட்டம், வலத்துக்கு 6.

ஹட்டன் நேரம் 0இல் செய்தி அனுப்புது. கிடைக்கோடு, நேரா விண்கலத்துக்கு. இனிதான் விஷயம். சிறப்புச் சார்பியலின்படி விண்கலத்துக்கு "இப்போது" என்ற கோடு கிடை இல்லை. வலத்துக்கு 10, மேலே 6 என்று சாய்ஞ்சிருக்கும். விண்கலம் அந்தக் கோட்டிலதான் உடனடிப் பதில் அனுப்பும். கோட்டை இடப்பக்கம் நீட்டினா ஹட்டனை எங்க வெட்டுது? கழித்தல் 6இல். செய்தி போக ஆறு நிமிடம் முன்னமே பதில் வந்து நிக்குது. பதில் "அனுப்பாதே" என்று இருந்து, ஹட்டன்காரர் அதைக் கேட்டு நடந்தா? அந்த இடத்தில் வகுப்பை அஞ்சு நிமிடம் சும்மா விடுங்க, பிள்ளைகளே சண்டை போடட்டும்.

பிழைக்கிற இடம் ரெண்டு. பதில் கோட்டையும் கிடையாவே போட்டா ஒரு முரண்பாடும் தெரியாது. விண்கலத்தை நம்மை நோக்கி வரவிட்டா கோடு மறுபக்கம் சாய்ஞ்சு பதில் கூட்டல் 6இல் வரும். அதிலயும் சிக்கல் தெரியாது. விலகித்தான் போகணும்.

சூத்திரம்: முந்தி வர்ற நேரம் = கதி × தூரம் ÷ ஒளிக்கதியின் வர்க்கம். பெரிய கதி வேணும் என்றும் இல்லை. அந்திரொமேடா விண்மீன் கூட்டம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அங்க உள்ள கருவி நம்மை விட்டு மணிக்கு 30 கிலோமீற்றரில் விலகினா, நம்ம மலைநாட்டு ரயில் ஏறுற கதி அது, பதில் 25 நாள் முன்னமே வரும்.

நானுஓயா_வானம்:
வரைபு அருமை. ஆனா முரண்பாட்டோட நிறுத்தினா பாதிக் கதைதான். அந்தப் பிரபஞ்சம் தப்ப ஒரு வழி இருக்கு: "உடனடி" என்பது ஒரேயொரு சட்டகத்தில் (ஒரு கதியில் ஓடுறவர் தன் அளவுகோலையும் மணிக்கூட்டையும் வச்சு அளக்கிற நோக்கு) மட்டும் உண்மை என்று வைக்கிறது. விண்கலத்தின் பதிலும் அந்தச் சட்டகத்தின் கிடைக்கோட்டிலதான் போகணும். சுற்றி வந்து முந்துற வேலை நடக்காது.

அதுக்குக் கொடுக்கிற விலை பெரிசு. சீரா ஓடுற எல்லாச் சட்டகமும் சமம் என்பது போயிடும். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் தேடிக் கிடைக்காத "உண்மையான ஓய்வு" கையில அகப்படும். எப்படி அளக்கலாம்? ஹட்டனிலும் பிதுருதலாகலை உச்சியிலும் ஒவ்வொரு அணுமணிக்கூடு, இடையில் நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீற்றர். ஒருதரம் ஒளித்துடிப்பை அனுப்பித் திருப்பி எடுத்து, பாதி நேரம் கணக்கு வச்சு ஒத்திசையுங்க. இன்னொருதரம் உடனடிக் கருவியால. அந்தச் சிறப்புச் சட்டகம் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோடது (பெருவெடிப்பின் மிச்சமா எல்லாத் திசையிலிருந்தும் வர்ற நுண்ணலை) என்று வச்சுக்கிட்டா, அதுக்குச் சார்பா சூரியன் செக்கனுக்கு சுமார் 370 கிலோமீற்றரில் சிம்ம ராசிப் பக்கம் போகுது. மேல உள்ள அதே சூத்திரம் போட்டா ரெண்டு ஒத்திசைவுக்கும் வித்தியாசம் உச்சமா 80 நானோசெக்கன் அளவு. பூமி சுத்துறதால அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். நம்ம பிரபஞ்சத்தில் அந்த ஆட்டத்தைக் காட்ட எந்தக் கருவியாலும் முடியாது.

காசல்ரீ_மின்:
மேல ரெண்டு பேரும் ஒளியின் கதியை அப்படியே வச்சுக்கிட்டு, அதுக்கு மேல இன்னொரு சமிக்ஞையைச் சேர்த்தாங்க. ஒளியின் கதியையே முடிவிலி ஆக்கினா அது வேற பிரபஞ்சம். ரெண்டையும் கலக்க விடாதீங்க சேர். வகுப்பு அங்கதான் குழம்பும்.

முடிவிலி ஆக்கும்போது மின்னேற்றங்களுக்கு இடையிலான நிலைமின் விசையை மாற்றாம வைங்க. காந்த மாறிலி = 1 ÷ (மின் மாறிலி × ஒளிக்கதியின் வர்க்கம்). அது பூச்சியம் ஆகுது. ஒரு மீற்றர் இடைவெளியில் தலா ஒரு அம்பியர் ஓடுற ரெண்டு கம்பிக்கு இடையே மீற்றருக்கு ஒரு கோடியில் 2 பங்கு நியூட்டன் விசை இருக்கே, அதுவும் இல்லை. காந்தமும் தூண்டலும் இல்லாம மோட்டார், மின்மாற்றி எதுவும் இல்லை. காசல்ரீ தண்ணி விமலசுரேந்திர நிலையத்து டர்பைனைச் சுத்தும், பிறப்பாக்கிச் சுருளில் ஒரு வோல்ட்டும் வராது. மக்ஸ்வெல் சேர்த்த இடப்பெயர்ச்சி மின்னோட்டமும் (மாறுற மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்ற உறுப்பு) போறதால மின்காந்த அலையே கிடையாது. "ஒளி உடனே வந்து சேரும்" என்று எதிர்பார்க்கிற பிள்ளைக்கு இதைக் கட்டாயம் காட்டணும்: ஒளியே இருக்காது. சூடான பொருள் எவ்வளவு கதிர் வீசும் என்று சொல்ற ஸ்ரெபான்-போல்ற்ஸ்மன் மாறிலியில் ஒளிக்கதியின் வர்க்கம் பின்னத்தின் கீழே நிக்குது, ஆகவே சூடான பொருள் ஒளிராது, வெயில் வராது, தேயிலை துளிர்க்காது.

வேதியியல் பாடத்தோடயும் இணைக்கலாம். தங்கத்தின் மஞ்சள் நிறமும் இரசம் அறை வெப்பநிலையில் திரவமா இருப்பதும் சார்பியல் விளைவுகள். லொறி பற்றரியில் ஒரு கலத்துக்கு 2.1 வோல்ட், அதில் 1.7 முதல் 1.8 வரை ஈயத்தின் உள் இலத்திரன்கள் மிக வேகமா ஓடுற சார்பியல் விளைவால வர்றது என்று 2011இல் கணக்கிட்டுக் காட்டினாங்க. ஒளிக்கதி முடிவிலி என்றால் 12 வோல்ட் பற்றரி 2 வோல்ட் அளவில் நிக்கும், ஸ்டார்ட்டர் அசையாது.

கொட்டகலை_வகுப்பு:
பற்றரி விஷயம் நேரா வகுப்புக்குப் போகுது, மிக்க நன்றி. ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பிணைந்த துணிக்கைகள் (எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கிற சோடி) இப்பவே உடனடியாச் செய்தி அனுப்பலையா? 2022 நோபல் பரிசு அதுக்குத்தானே என்பாங்க.

நானுஓயா_வானம்:
பரிசு ஆஸ்பே, க்ளவுசர், சைலிங்கர் மூவருக்கும் பிணைப்புப் பரிசோதனைகளுக்குத்தான், ஆனா அதில் செய்தி போகலை. சோடியில் ஒன்று ஹட்டனில், மற்றது பதுளையில் என்று வைங்க. பதுளைப் பக்கத்துத் துணிக்கையின் சுழற்சியை எந்தத் திசையில் அளந்தாலும், அளக்காமலே விட்டாலும், ஹட்டனில் தெரியிறது பாதிக்குப் பாதி மேலும் கீழும்தான். ரெண்டு பட்டியலையும் சாதாரண போனில் ஒப்பிட்ட பிறகுதான் ஒற்றுமை தெரியும். குவாண்டத்தின் சுரோடிங்கர் சமன்பாடு நேரியலா இருக்கிறதுதான் (ரெண்டு தீர்வைக் கூட்டினாலும் அது தீர்வே) இதைக் காக்குது. 1989இல் வைன்பெர்க் நேரியல் அல்லாத ஒரு வடிவம் முன்வைச்சார். அடுத்த வருசமே கிசின் அதை வச்சு ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாம் என்று காட்டினார். ஆகவே உங்க கற்பனைப் பிரபஞ்சத்தைக் கட்ட ஆள்கூறு அச்சைத் தொடாம, சுரோடிங்கர் சமன்பாட்டில் ஒரு உறுப்பைச் சேர்த்தும் ஆரம்பிக்கலாம். அது உயர்தரத்துக்கு மேல. கேட்கிற பிள்ளைக்கு மட்டும் தனியாச் சொல்லுங்க.