கோட்டையில் குளிரா, குடிசையில் குளிரா? இடைக்கால இங்கிலாந்து பற்றி ஒரு சண்டை

வடகாற்று: இடைக்கால இங்கிலாந்து என்றாலே கல் கோட்டை, பெரிய கணப்பு, அதன் முன்னால் ஒரு நாய் என்றுதான் படம் காட்டுகிறார்கள். என் கட்சி வேறு. மார்கழி, தை குளிரில் கோட்டைக்காரனைவிடக் கூரை வீட்டுக் குடியானவன்தான் கதகதப்பாகத் தூங்கியிருப்பான். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஹவுண்ட் டோர் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டு நீள்வீடுகளின் அடிச்சுவர் இன்னும் கிடக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே மேட்டுப்பக்கம் மனிதர்கள், சரிவுப்பக்கம் மாடுகள். மாட்டுச் சூட்டுக்கு விறகு வேண்டாம் பாருங்கள்.

கரிக்கோடு: விறகு வேண்டாம், வைக்கோல்? குளிர்காலம் முழுக்க மாட்டுக்குத் தீனி போட எத்தனை பேருக்கு வக்கு இருந்தது? அது போகட்டும், புகையைப் பற்றி வாயே திறக்கவில்லையே. தரையில் நடுவீட்டில் தீ, புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத் தானாகக் கசிந்து போக வேண்டும். எங்கள் பாட்டி ஈர விறகில் ஒரு வேளை சோறு வடிப்பதற்குள் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவோம்.

வடகாற்று: மாடு எல்லோரிடமும் இல்லை, சரி. ஆனால் பணக்காரனும் அதே புகையில்தானே இருந்தான்! கென்ட்டில் பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் மண்டபம், லண்டன் மேயராக இருந்த வணிகர் கட்டியது, 1341. நடுத்தரையில் எண்கோண அடுப்பு இன்றும் இருக்கிறது. கூரையோ சுமார் 60 அடி உயரம், சூடெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீறுபூத்த தணல்: குறுக்கே வருகிறேன். ராத்திரி தீயே கிடையாது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். சாயங்காலம் மணி அடித்ததும் தணலைக் கூட்டி, சுடுமண் மூடியால் மூடிவிடுவார்கள், வைக்கோல் கூரையில் பொறி பறந்தால் தெருவே போய்விடும். ‘கர்ஃப்யூ’ என்ற சொல்லே பிரெஞ்சில் ‘தீயை மூடு’ என்பதிலிருந்து வந்ததுதான். அப்புறம் 1577இல் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் எழுதியதைப் பாருங்கள்: புகைபோக்கி பெருகிய பிறகுதான் சளியும் தலைவலியும், பழைய புகை உத்திரத்தையும் கெட்டிப்படுத்தியது, ஆளுக்கும் மருந்தாக இருந்தது என்கிறார்.

கரிக்கோடு: அது ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்கும் பெரியவர் பேச்சு! உத்திரம் விஷயம் வேண்டுமானால் சரி, அடுப்புக்கு மேலே பரண் மூங்கிலைச் செல் அரிக்காது, நானே பார்த்திருக்கிறேன். நெஞ்சு என்ன மூங்கிலா? புகை அவ்வளவு நல்லதென்றால், கையில் காசு வந்தவன் எல்லாம் ஏன் முதல் வேலையாகப் புகைபோக்கி கட்டினான்?

வடகாற்று: சூட்டுக்காக இல்லை. சுவர்க் கணப்பில் பெரும்பகுதி சூடு புகையோடு மேலே போய்விடும், அது இழுக்கிற இழுப்பில் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும், முகம் வேகும், முதுகு விறைக்கும். கட்டியதற்குக் காரணம் இடம். நடுவில் புகை இல்லையென்றால் மண்டபத்துக்குக் குறுக்கே தளம் போட்டு மாடியறை எடுக்கலாம்.

கரிக்கோடு: புகையில்லாத மாடியறை கிடைத்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். குளிரட்டும், இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்கிறேன். நீங்கள் மாட்டுப்பக்கமே படுங்கள்.