மணிமுத்தாறு பக்கம் ஒரு குதிக்கும் எறும்பு: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மணிமுத்தாறு கால்வாயை ஒட்டிய எங்கள் தோப்பு வரப்பில் ஒரு எறும்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. கட்டெறும்பு இல்லை, முசுறும் இல்லை. ஒன்றரை செ.மீ.க்கு மேல் நீளம், கருஞ்சிவப்பு உடம்பு, மஞ்சள் கால்கள். கண்கள் முன்பக்கம் துருத்திக்கொண்டு பெரிதாக இருக்கின்றன. தாடை இரண்டும் நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. சாரை சாரையாகப் போவதில்லை. பகலில் தனியாகத்தான் திரிகிறது. குச்சியால் தொட்டால் சட்டென்று துள்ளிவிடும்!

இதன் அறிவியல் பெயர் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்பது என் ஊகம். 1851இல் இயற்கை ஆய்வாளர் ஜெர்டன் விவரித்த இனம். ராணி செத்துப்போனால் வேலைக்காரிகளே ஒன்றோடொன்று மோதி, ஜெயித்தவை முட்டையிடத் தொடங்குமாம். நம்ம ஊர் அரசியல் தோற்றது போங்கள்.

ஆனால் நண்பர் ஒருவர் இது ஓடோன்டோமேக்கஸ் என்ற வேறொரு எறும்பு வகை என்கிறார். அதுவும் துள்ளும்தான், ஆனால் தாடையைத் தரையில் அடித்துப் பின்னால் தெறிக்கும். நான் பார்த்தது காலை ஊன்றி முன்னால் பாய்கிறது. தாடையும் நேராக இல்லை. அதனால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

படங்கள் கீழே. மேலிருந்து எடுத்தது தெளிவு, பக்கவாட்டுப் படம் கொஞ்சம் கலங்கல். இடுப்புக் கணு (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள சிறு முடிச்சு) ஒன்றா இரண்டா என்று அதில் தெரிகிறதா? அப்புறம், அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் யாராவது இதைப் பார்த்திருந்தால் எந்த மாதிரி இடத்தில் என்று எழுதுங்கள். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், விலை குறைவாக, எது நல்லது?