படித்ததையே திரும்ப எழுதும் ஒரு வரி: அழித்தால் போர்டு தானாக அணைகிறது

ரங்கூன்_ஸ்க்ரூடிரைவர்:

வணக்கம். யாங்கோனில் அனவரத்தா சாலைக் காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை என்னுடையது. ராத்திரி கடை சாத்தியபின் கோர்பூட்டை (பயாஸுக்குப் பதில் போடும் திறந்த மூல ஃபர்ம்வேர்) நோண்டுவது என் பைத்தியம்.

கையில் இன்டெல் எச்61 சிப்செட் வைத்த இரண்டு மதர்போர்டுகள். ஒரே கம்பெனி, அண்ணன் தம்பி மாதிரி. போர்டுக்கு வேண்டிய கோர்பூட் கோப்புகளைத் தானே எழுதித் தரும் ஆட்டோபோர்ட் கருவி முதல் போர்டுக்கு உருவாக்கித் தந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து இரண்டாவதற்கும் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். இதை இப்படியே கெரிட்டுக்கு (கோர்பூட் ஆட்கள் கோடைப் பரிசீலிக்கும் தளம்) அனுப்பினால் மானம் போகும் என்று இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வேரியன்ட் (ஒரே கோடின் இரண்டு வடிவம்) ஆக்கினேன். பொதுவானதெல்லாம் டிவைஸ்ட்ரீ என்ற சாதன விவரக் கோப்பில், வித்தியாசம் மட்டும் அதன்மேல் வரும் ஓவர்ரைடுட்ரீயில். இரண்டும் பூட் ஆயின. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கை சும்மா இருக்கவில்லை. சவுத்பிரிட்ஜ் (பவர், யூஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) கோடில் ஒரு இடத்தில், பவர் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் பிஎம்1 ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கிறார்கள். அடுத்த வரியிலேயே, படித்த அதே மதிப்பை அதே ரெஜிஸ்டரில் எழுதுகிறார்கள். குடத்தில் மொண்ட தண்ணீரை அதே குடத்தில் ஊற்றுவது போல. வேண்டாத வேலை என்று எழுதும் வரியை அழித்தேன். கம்பைலர் முனகக்கூட இல்லை.

இப்போது ஸ்விட்சைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, இரண்டு மூன்று நொடியில் தானாக அணைகிறது. எங்கள் ஊர் கரண்ட் தெரியுமே, வோல்டேஜ் என்று நினைத்து இன்வெர்ட்டரில் போட்டேன், பவர் சப்ளையை மாற்றினேன், ரேமைக் கழற்றித் துடைத்தேன். அதே கதை. சாக்கெட்டில் இருந்து ஃபர்ம்வேர் சிப்பைப் பிடுங்கி, பழைய இமேஜை சிஎச்341ஏ என்ற யூஎஸ்பி புரோகிராமர் வைத்து எழுதினால் எழுந்துவிடுகிறது. அந்த ஒரு வரியா காரணம்?

மோல்மேன்_காரர்:

தம்பி, அந்த வரியேதான். சீரியல் லாக் (பூட் ஆகும்போது போர்டு சீரியல் போர்ட்டில் அனுப்பும் செய்திகள்) எடுத்தாயா? ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுகிறதா என்று பார். வோல்டேஜ் கோளாறு என்றால் இன்று இங்கே, நாளை அங்கே என்று அறும். ஒரே இடம் என்றால் யாரோ சொல்லி அணைக்கிறார்கள்.

அது குடம் இல்லை. மெமரியில் ஐந்து எழுதினால் ஐந்து இருக்கும். இந்த ரெஜிஸ்டரில் ஸ்டேட்டஸ் பிட்டுகள் வேறு ஜாதி: 1 எழுதினால் அந்த பிட் 0 ஆகும், 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. ஆகவே படித்ததையே திரும்ப எழுதினால், எந்தெந்த பிட் எழுந்து நின்றதோ அவை மட்டும் உட்கார்ந்துவிடும். வேண்டாத வேலை போலத் தெரிவது, மொத்தமாகத் துடைத்துவிடும் வேலை.

பவர் பட்டன் பிட் எட்டாவது பிட். நீ தட்டியதுமே அது எழுந்துவிட்டது. துடைக்காமலே எஸ்எம்ஐயை (ஃபர்ம்வேரைக் கூப்பிடும் இன்டர்ரப்ட்) இயக்கினால், பட்டனை இப்போதுதான் அழுத்தினார்கள் என்று அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் கோடு நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் ஏசிபிஐயை (பவர் நிர்வாகத்தை) கையில் எடுக்கும் வரை பட்டனுக்கு ஹேண்ட்லரிடம் ஒரே அர்த்தம்தான்: அணை. நீ போட்டதை நீயே அணைக்கிறாய்.

மேலே ஒரு கமென்ட் இருந்திருக்குமே?

ரங்கூன்_ஸ்க்ரூடிரைவர்:

இருந்தது அண்ணே. 1 எழுதினால் அழியும் என்று அதில் எழுதித்தான் இருந்தது. கமென்ட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

லாக் பார்த்தேன். நான்கு முறையும் எஸ்எம்எம் (அந்த எஸ்எம்ஐ ஹேண்ட்லர் ஓடும் சிபியு நிலை) ஆரம்பிக்கும் இடத்தில்தான் அறுகிறது. அந்த வரியைத் திரும்பப் போட்டேன், எழுந்துவிட்டது. அப்படியென்றால் எதை நம்பி அழிப்பது?

தூக்கமில்லாதவன்:

இடம் மாற்றுவதையும் அழிப்பதையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒரு தடவை சேமிக்கும் மாற்றம்) கலக்காதே. வேரியன்ட் ஆக்கும் கமிட்டுக்கு முன்னும் பின்னும் பில்ட்_டைம்லெஸ்=1 (பில்ட் நேரத்தை உள்ளே பதிக்காத செட்டிங்) போட்டு பில்ட் செய், இரண்டு ரோம் இமேஜுக்கும் எஸ்எச்ஏ256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) எடு. இரண்டும் ஒன்று என்றால் போர்டில் ஏற்றவே வேண்டாம். கோடு இடம்தான் மாறியது. ஒன்றாக இல்லையென்றால், அந்தச் சின்ன மாற்றத்துக்குள்தான் காரணம் இருக்கும். கான்ஃபிக் கோப்பை ரோமில் சேர்க்கும் ஆப்ஷனை அணைத்துவிடு. நான் அதை மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

அழிக்கும் கமிட் தனி, ஒரு வரிக்கு ஒரு கமிட் ஆனாலும் சரி. ஹாஷ் மாறத்தான் செய்யும், அதை நிஜ போர்டில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சவுத்பிரிட்ஜ் கோடு எச்61க்கு மட்டும் இல்லை, எக்ஸ்220, எக்ஸ்230 லேப்டாப்புக்கும் அதுதான். உன் இரண்டு போர்டில் ஓடியது என்று அதில் கை வைக்காதே.

மோல்மேன்_காரர்:

இன்னொன்று. படித்துவிட்டு மதிப்பைத் தூக்கி எறியும் வரிகளும் கண்ணில் படும். எழுதியது உண்மையில் டிவைஸைப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யப் படிக்கிறார்கள். போர்ட் 80க்கு (பூட் எங்கே வரை வந்தது என்று காட்டும் எண் எழுதும் போர்ட்) எழுதுவதும் வீண் போலத்தான் தெரியும், பழைய கோடில் வெறும் தாமதத்துக்காகவே எழுதியிருப்பார்கள். ஜிபிஐஓ (சிப்பின் பின்களை அமைக்கும்) கோப்பையும் ஆடியோ வெர்ப் (சவுண்டு சிப்புக்கான கட்டளைகள்) கோப்பையும் டிஃப் போட்டுப் பார்க்காமல் ஒன்றாக்காதே. பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், ஒரே ஒரு எண் மாறி முன்பக்க ஹெட்ஃபோன் ஊமையாகிவிடும்.

ரங்கூன்_ஸ்க்ரூடிரைவர்:

முதல் போர்டுக்கு இரண்டு ஹாஷும் ஒன்று! இரண்டாவதுக்கு வேறு வேறு. தேடினால், அண்ணன் சொன்ன அதே ஆடியோ கோப்பு. முதல் போர்டின் கோப்பை இரண்டுக்கும் பொது என்று வைத்திருந்தேன், ஒரு பின் எண் வேறு. பூட் ஆனதே என்று ஹெட்ஃபோன் செருகிப் பார்க்கவே இல்லை. அதைத் தனியாகப் பிரித்து மறுபடி பில்ட் போட்டேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் பதினோரு மணிக்கே நிறுத்திவிட்டார். காலையில் சொல்கிறேன்.